விண்டோஸ் நிறுவல் பாதியில் நின்றால்: அவசரத்தில் செய்யும் தவறுகள்

மேசைக் கணினியில் விண்டோஸ் 11 நிறுவும்போது பிழைச்செய்தி ஒன்று வந்து திரை நின்றுவிட்டால், பெரும்பாலானோர் உடனே கணினியை அணைத்துவிட்டு அதே பென்டிரைவைக் கொண்டு அதே வழியில் மறுபடியும் தொடங்குகிறார்கள். இரண்டாம் முறையும் நின்றால் டிஸ்க்கை முழுவதுமாக அழிக்கிறார்கள். மூன்றாம் முறையும் நின்றால் டிஸ்க் பழுது என்று முடிவுகட்டிப் புதியது வாங்கப் போகிறார்கள். நிறுவல் எந்தக் கட்டத்தில் நின்றது என்ற கேள்வி இந்த மூன்று முறையும் எழுவதே இல்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்ததால், ஏழெட்டு ஆண்டு ஓடிய கணினிகளையும் புதிய பதிப்புக்கு மாற்றப் பலர் முயல்கிறார்கள். பழைய மதர்போர்டில் புதிய இயங்குதளத்தை ஏற்றும்போது இத்தகைய இடறல்கள் இன்னும் கூடுகின்றன.

பென்டிரைவிலிருந்து கணினி தொடங்கவே மறுக்கிறதா, டிஸ்க்கைத் தேர்ந்தெடுக்கும் திரையில் தடுக்கிறதா, கோப்புகளை நகலெடுக்கும்போது நிற்கிறதா, முதல் மறுதொடக்கத்துக்குப் பின் சிக்குகிறதா என்பதைப் பொறுத்துக் காரணங்கள் முற்றிலும் வேறுபடும். ஆகவே செய்தியை மூடுவதற்கு முன் அதைக் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பிழை எண்ணில் ஓர் இலக்கம் மாறினாலும் தேடுகிற வழி மாறிவிடும். நினைவிலிருந்து சொல்லப்படும் பிழை எண்களை நான் நம்புவதில்லை.

பென்டிரைவைத் தயாரிப்பதிலேயே நடக்கும் தவறு ஒன்று உண்டு. நிறுவலுக்கான கோப்புகள் எல்லாம் அடங்கிய, இணையத்திலிருந்து இறக்கிய ஐஎஸ்ஓ கோப்பை ஒரே கோப்பாக அப்படியே பென்டிரைவில் போட்டுவிட்டு, கணினி அதிலிருந்து தொடங்கும் என்று எதிர்பார்ப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இன்னும் சிலர் அதன் உள்ளடக்கத்தை விரித்து நகலெடுக்கிறார்கள். அங்கே வேறொரு முட்டுக்கட்டை காத்திருக்கிறது. யுஇஎஃப்ஐ (கணினியைத் தொடங்கிவைக்கும், பழைய பயோஸின் இடத்துக்கு வந்த மென்பொருள்) முறையில் தொடங்கும் பென்டிரைவ் பொதுவாக ஃபேட்32 என்ற கோப்பு அமைப்பில் இருக்க வேண்டும். அந்த அமைப்பு 4 ஜிபி அளவை எட்டும் எந்தக் கோப்பையும் ஏற்காது. விண்டோஸின் முதன்மை நிறுவல் கோப்போ பல ஐஎஸ்ஓக்களில் அந்த அளவைத் தாண்டியிருக்கிறது. பென்டிரைவைத் தயாரிக்கும் கருவிகளான மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூலோ ரூஃபஸோ இந்தச் சிக்கலைத் தாமே தீர்த்துக்கொள்ளும் என்பதால், கையால் நகலெடுக்கும் வேலையைக் கைவிடுவதே நல்லது. குறைந்தது 8 ஜிபி கொள்ளளவுள்ள பென்டிரைவ் தேவை. உறையில் 64 ஜிபி என்று அச்சிட்டு உள்ளே அதில் கால்பங்குகூட இல்லாத போலிப் பென்டிரைவுகளும் சந்தையில் கிடைக்கின்றன.

இனி வருவதுதான் மிகுதியான தரவு இழப்புக்கு வழிவகுக்கும் தவறு. டிஸ்க்கைத் தேர்ந்தெடுக்கும் திரையில், 'இந்த டிஸ்க்கில் எம்பிஆர் பகிர்வு அட்டவணை உள்ளது. இஎஃப்ஐ கணினிகளில் ஜிபிடி டிஸ்க்கில் மட்டுமே விண்டோஸை நிறுவ முடியும்' என்ற பொருளில் ஒரு செய்தி வரும். சில வேளைகளில் இதற்கு நேர்மாறாக, டிஸ்க் ஜிபிடி அமைப்பில் இருப்பதால் நிறுவ முடியாது என்றும் வரும். எம்பிஆர் என்பது 1983-இல் பிசி டாஸ் 2.0-உடன் வந்த பழைய பகிர்வு முறை, அதாவது டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரித்துக் குறித்துவைக்கும் முறை. வழக்கமான 512 பைட் பிரிவுகளைக் கொண்ட டிஸ்க்கில் ஏறத்தாழ 2 டிபிக்கு மேல் அதனால் கணக்கிட முடியாது. ஜிபிடி, யுஇஎஃப்ஐயோடு (செய்தியில் இஎஃப்ஐ என்று வருவது இதுவே) சேர்ந்து வந்த புதிய முறை. இந்த இரண்டு செய்திகளும் டிஸ்க் பழுது என்று சொல்லவில்லை. கணினி தொடங்கிய முறையும் டிஸ்க்கின் அமைப்பும் பொருந்தவில்லை என்பதையே சொல்கின்றன.

அப்படிப் பொருந்தாமல் போவதற்கு மிக எளிய காரணம் ஒன்று இருக்கலாம். பல மதர்போர்டுகளின் பூட் பட்டியலில் (எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் திரையில்) ஒரே பென்டிரைவ் இரண்டு வரிகளாகத் தெரியும்: ஒன்றின் முன்னால் யுஇஎஃப்ஐ என்ற சொல் இருக்கும், மற்றொன்றில் இருக்காது. முன்னொட்டு இல்லாத வரியைத் தேர்ந்தெடுத்தால் நிறுவல் பழைய பயோஸ் முறையில் தொடங்கி, ஜிபிடி டிஸ்க்கைக் கண்டதும் மறுத்துவிடும். மறுதொடக்கம் செய்து மற்ற வரியைத் தேர்ந்தெடுத்தாலே போதும் என்ற நிலையில், எங்கோ படித்ததை நம்பி ஷிஃப்ட், எஃப்10 விசைகளைச் சேர்த்து அழுத்திக் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, டிஸ்க்குகளைக் கையாளும் டிஸ்க்பார்ட் கருவியில் 'கிளீன்' கட்டளையைக் கொடுத்துவிடுகிறார்கள். அந்தக் கட்டளை 'உறுதிதானா' என்று ஒருமுறைகூடக் கேட்காது. கொடுத்த நொடியில் தேர்ந்தெடுத்த டிஸ்க்கின் பகிர்வுகள் எல்லாம் போய்விடும். அதிலும் எண் 0 என்று வரும் டிஸ்க்தான் விண்டோஸ் டிஸ்க் என்று எண்ணி, குடும்பப் படங்கள் இருந்த 1 டிபி ஹார்ட் டிஸ்க்கைத் துடைத்தவர் ஒருவரை எனக்குத் தெரியும். எண்ணைப் பார்த்து அல்ல, கொள்ளளவைப் பார்த்தே டிஸ்க்கை அடையாளம் காண வேண்டும்.

பழைய விண்டோஸ் 10 எம்பிஆர் டிஸ்க்கில் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தால், அதை அழிக்காமலேயே ஜிபிடிக்கு மாற்றும் எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி 2017-இல் வெளியான 1703 பதிப்பிலிருந்து விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. முதன்மைப் பகிர்வுகள் மூன்றுக்கு மேல் இருந்தால் அது ஏற்காது என்பதையும், தரவை வேறிடத்தில் நகலெடுத்து வைக்காமல் அதைத் தொடக்கூடாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். விண்டோஸே திறக்காத கணினியாக இருந்தால், உபுண்டு என்ற இலவச இயங்குதளத்தின் பென்டிரைவை நிறுவாமல் முயன்று பார்க்கும் முறையில் தொடங்கி, டிஸ்க்கிலுள்ள கோப்புகளை வெளி டிரைவுக்கு எடுத்துக்கொள்ளலாம். இதில் இன்னொரு பயனும் உண்டு: உபுண்டுவில் டிஸ்க் தெரிந்து, கோப்புகள் தடையின்றித் திறந்தால், டிஸ்க் பழுது என்ற சந்தேகம் பெருமளவு விலகும்.

யுஇஎஃப்ஐக்கு மாறுவதற்காக பயோஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரையில்) சிஎஸ்எம் என்ற பழைய முறை ஆதரவை அணைக்கும்போது சிலர் அதிர்ந்துபோகிறார்கள். யுஇஎஃப்ஐக்கான நிரல் இல்லாத மிகப் பழைய கிராஃபிக்ஸ் கார்டு செருகியிருந்தால், அணைத்தவுடன் திரையே வராமல் போகக்கூடும். மதர்போர்டு செத்துவிட்டது என்று அஞ்சத் தேவையில்லை. சிமாஸ் எனப்படும், மதர்போர்டில் சேமித்த பயோஸ் அமைப்புகளை அழித்தால் பழைய நிலை திரும்பும். அதே வேளையில், நேற்று மாற்றிய அமைப்புகள் இன்று காலையில் தாமாகவே பழையபடி மாறியிருந்தால், சந்தேகிக்க வேண்டியது மதர்போர்டிலுள்ள சிஆர்2032 என்ற வட்ட பேட்டரியை. அது தீர்ந்துபோன கணினியில் மின்சாரம் துண்டிக்கப்படும்போதெல்லாம் தேதியும் பூட் அமைப்புகளும் கலைந்துவிடும். சில்லறைக் காசில் தீர வேண்டிய இந்தக் குறை, நிறுவல் ஒருநாள் ஓடி மறுநாள் மறுக்கும் புதிராக நாள்கணக்கில் அலைக்கழிக்கும்.

'இந்தக் கணினியில் விண்டோஸ் 11 இயங்காது' என்ற செய்தியைக் கண்டவுடன், சோதனைகளைத் தாண்டிச் செல்லும் குறுக்குவழியைத் தேடுவது அடுத்த தவறு. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புக் கூறு கேட்கப்படுவதால் தனிச் சில்லு வாங்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் எட்டாம் தலைமுறைக்குப் பிந்தைய இன்டெல் கணினிகளில் பிடிடி என்ற பெயரிலும், ஏஎம்டி ரைசன் கணினிகளில் எஃப்டிபிஎம் என்ற பெயரிலும் அது பயோஸுக்குள்ளேயே இருக்கிறது. தனியாகப் பாகங்கள் வாங்கிச் சேர்த்த கணினிகளில் பெரும்பாலும் அணைத்த நிலையில் இருக்கும், அவ்வளவுதான். டிஸ்க் பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால், இந்த அமைப்புகளில் கைவைப்பதற்கு முன் 48 இலக்க மீட்பு எண்ணை எழுதி வைத்துக்கொள்ளாதவர் தம் தரவுக்கு வெளியே நிற்க நேரிடும். குறுக்குவழிகளால் கடக்க முடியாத எல்லையும் இருக்கிறது: விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு முதல் பாப்கவுன்ட் என்ற பிராசஸர் கட்டளை கட்டாயம் தேவை. இன்டெலின் பழைய கோர் 2 டுவோ பிராசஸர்களில் அது கிடையாது என்பதால், அவற்றில் எத்தனை முறை முயன்றாலும் அந்தப் பதிப்பு தொடங்காது.

டிஸ்க் பட்டியல் வெறுமையாக இருப்பதைக் கண்டு எஸ்எஸ்டியைத் திருப்பிக் கொடுக்கச் செல்வதற்கு முன், அது பயோஸில் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். பயோஸில் தெரிந்து நிறுவலில் மட்டும் தெரியாவிட்டால், பதினோராம் தலைமுறைக்குப் பிந்தைய இன்டெல் கணினிகளில் டிஸ்க்குகளைத் தன் கட்டுப்பாட்டில் வைக்கும் விஎம்டி என்ற அமைப்பு இயக்கப்பட்டிருக்க வாய்ப்புண்டு. மதர்போர்டு நிறுவனம் தரும் அதற்கான டிரைவரைப் பென்டிரைவில் வைத்து, டிரைவரை ஏற்றும் பொத்தானின் வழியே காட்டினால் டிஸ்க் தெரியும். இறக்கிய டிரைவர் கோப்பை விரிக்காமல் அப்படியே வைப்பதால் பலருக்கு இது பலிப்பதில்லை. பயோஸிலேயே தெரியாவிட்டால் எஸ்எஸ்டியைச் செருகும் எம்.2 துளையைச் சந்தேகிக்கலாம்: சில துளைகள் சாட்டா வகை எஸ்எஸ்டியை ஏற்பதில்லை, சில என்விஎம்இ வகை எஸ்எஸ்டியை ஏற்பதில்லை, எம்.2 துளையில் ஒன்றைச் செருகியவுடன் குறிப்பிட்ட சாட்டா இணைப்புகளை அணைத்துவிடும் மதர்போர்டுகளும் உண்டு. மதர்போர்டின் கையேட்டில் இது தெளிவாக எழுதப்பட்டிருக்கும்.

ஒன்றுக்கு மேற்பட்ட டிஸ்க்குகளை இணைத்து வைத்தபடியே நிறுவுவதும் கூடாது. விண்டோஸை நீங்கள் புதிய எஸ்எஸ்டியில் நிறுவினாலும், பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஏற்கெனவே இஎஃப்ஐ பகிர்வு இருந்தால் பூட் கோப்புகள் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளக்கூடும். எல்லாம் சரியாக ஓடும். ஓராண்டு கழித்துப் பழைய டிஸ்க்கைக் கழற்றும் நாளில்தான் எஸ்எஸ்டியிலிருந்து கணினி தொடங்காது என்பது தெரியவரும். நிறுவப் போகும் டிஸ்க்கைத் தவிர மற்றவற்றின் கேபிள்களைக் கழற்றிவிட்டால், தவறான டிஸ்க்கை அழிக்கும் அபாயமும் சேர்ந்தே ஒழியும்.

கோப்புகளை நகலெடுக்கும்போது நின்று, 80070570 அல்லது 8007025D என முடியும் எண் வந்தால், நகலெடுக்கப்பட்ட கோப்பு படிக்க முடியாமல் சிதைந்திருக்கிறது என்று பொருள். சிதைந்தது எங்கே என்பதை அந்த எண் சொல்லாது. ஐஎஸ்ஓ இறங்கும்போதே குறைபட்டிருக்கலாம். விண்டோஸிலுள்ள செர்ட்யூட்டில் கட்டளையால் அதன் எஸ்எச்ஏ256 மதிப்பை (கோப்பின் கைரேகை போன்ற எண்ணை)க் கணக்கிட்டு, மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட மதிப்போடு ஒப்பிட்டால் இது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். அது சரியாக இருந்தால் வேறொரு பென்டிரைவை, கேபினெட்டின் முன்பக்கத் துளையில் அல்லாமல் மதர்போர்டோடு நேரடியாக இணைந்த பின்பக்கத் துளையில் செருகிப் பார்க்க வேண்டும்.

அதன் பிறகும் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு சதவீதத்தில் நின்றால் ராமைப் பாருங்கள். டிஸ்க்கில் எழுதப்படும் ஒவ்வொரு கோப்பும் விரிக்கப்படும்போது ராம் வழியாகத்தான் போகிறது. ஆயினும் எல்லாரும் கடைசியாகச் சந்தேகிப்பது அதைத்தான். பழைய விண்டோஸ் ஓரளவு ஓடிக்கொண்டிருந்தது என்பது ராம் நல்லது என்பதற்குச் சான்றாகாது. முதலில் பயோஸில் ராமின் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்எம்பியை அணைத்து ராமை அதன் இயல்பான வேகத்தில் ஓடவிட வேண்டும். பிறகு ராம் அட்டைகளை ஒவ்வொன்றாகப் போட்டு முயல வேண்டும். மெம்டெஸ்ட்86+ சோதனையை ஒரு முழுச் சுற்றாவது ஓடவிட வேண்டும். அதில் ஒரே ஒரு பிழை சிவப்பில் வந்தாலும் அந்த நிலையில் நிறுவக்கூடாது.

முதல் மறுதொடக்கத்துக்குப் பின் நிறுவல் மறுபடியும் மொழி கேட்கும் திரைக்கே வந்துவிட்டால், அது பிழையே அன்று. பூட் வரிசையில் பென்டிரைவை முதலிடத்தில் வைத்ததன் விளைவு. வரிசையை மாற்றாமல், ஒருமுறைக்கு மட்டுமான பூட் பட்டியலைத் திறக்கும் விசையைப் பயன்படுத்துவதே முறை: ஆசுஸில் எஃப்8, எம்எஸ்ஐயில் எஃப்11, கிகாபைட்டில் எஃப்12. கடைசிக் கட்டத்தில் இணையம் இல்லாமல் நகர மறுத்தால், புதிய மதர்போர்டின் லேன் டிரைவர் நிறுவல் கோப்புக்குள் இல்லை என்பதே பெரும்பாலும் காரணம். அந்த இடத்தில் மின்சாரத்தைத் துண்டித்து மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டாம். ஆண்ட்ராய்டு கைபேசியை யுஎஸ்பி கேபிளால் இணைத்து, அதன் இணையப் பகிர்வை இயக்கினால் நிறுவல் விட்ட இடத்திலிருந்து தொடரும்.