கடைசி நாட்களில் இருப்பவரிடம் இயேசுவைப் பற்றிப் பேசப் போகிறீர்களா?

"மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில் இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்களாம், வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்." இப்படி ஒரு செய்தி வந்தால் அன்று மாலையே சபையில் யாராவது எழுந்து, எல்லாருமாகப் போய் ஜெபித்துவிட்டு வருவோம் என்பார்கள். அந்த அன்பு உண்மையானது. ஆனாலும் பத்துப்பேராகப் போகாதீர்கள். ஒருவர் போதும், மிஞ்சினால் இருவர். நான் பல வருடம் வார்டில் தாதியாக இருந்தவள். ஓய்வு பெற்ற பிறகு மட்டக்களப்பில் கல்லடிப் பக்கத்து வீடுகளுக்கு எங்கள் மெதடிஸ்த சபையிலிருந்து நோயாளர்களைப் பார்க்கப் போகிறேன். நமக்கு ஒரு பேச்சுப் பிடிக்காவிட்டால் எழுந்து முற்றத்துக்குப் போய்விடலாம். கட்டிலில் கிடப்பவரால் அது முடியாது. கீழே எழுதுவதெல்லாம் இந்த ஒன்றிலிருந்து வருவதுதான்.

போவதற்கு முன் பராமரிக்கிற ஆளுக்கு ஒரு டெலிபோன் கோல் எடுங்கள். பெரும்பாலும் அது மகளாகவோ மருமகளாகவோ இருக்கும். மோர்ஃபின் பாணி கொடுக்கிறார்கள் என்றால் எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். பொதுவாக 4 மணித்தியாலத்துக்கு ஒருமுறை கொடுப்பார்கள். குடித்து ஒரு மணித்தியாலம் கழித்துப் போனால் வலி இறங்கியிருக்கும், நாலு வார்த்தை கதைக்க முடியும்.

மறுகா, அவருக்கு என்ன தெரியும் என்றும் கேளுங்கள். வருத்தத்தின் பெயரையே மறைத்து வைத்திருக்கிற வீடுகள் நம்மிடம் நிறைய. அதை உடைக்கிற ஆள் நீங்களாக இருக்கக்கூடாது. ஆனால் அவரே உங்கள் கையைப் பிடித்து "நான் போகப்போறனா?" என்று கேட்டால் பொய் சொல்லாதீர்கள். "உங்களுக்கு என்ன தோணுது?" என்று திருப்பிக் கேட்டு, அவர் சொல்வதைக் கேளுங்கள். வெளியே வந்ததும் பிள்ளைகளிடம், அப்பா கேட்கத் தொடங்கிவிட்டார், டொக்டரோடு கதையுங்கள் என்று சொல்லுங்கள்.

முதல் நாள் வேதாகமம் பைக்குள்ளேயே இருக்கட்டும். அவர் தலையைத் திருப்பாமல் உங்கள் முகத்தைப் பார்க்கிற இடத்தில் கதிரையைப் போட்டு உட்காருங்கள். கட்டிலில் உட்கார வேண்டாம். எலும்புக்குள் நோய் இறங்கியவருக்கு மெத்தை அசைந்தாலே வலிக்கும். உதடு காய்ந்திருந்தால் மகளிடம் கேட்டுவிட்டு, பஞ்சை நனைத்துப் பிழிந்து ஒற்றிவிடுங்கள். யோபுவைப் பார்க்க வந்த நண்பர்கள் ஏழு நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததில் நல்லது அதுதான்.

ஜெபிக்க விருப்பமா என்று கேட்கும்போது, வேண்டாம் என்று சொல்வதற்கும் இடம் விட்டுக் கேளுங்கள். நான் இப்படிக் கேட்பேன்: "மாமி, நான் ஒரு சின்ன ஜெபம் பண்ணட்டா? வேணாமெண்டா வேணாம், நான் சும்மா இருக்கன்." வேண்டாம் என்றால் சும்மா இருங்கள். அடுத்த கிழமையும் போங்கள். அதற்குப் பிறகு நீங்கள் போகாவிட்டால், எதற்காக வந்தீர்கள் என்பது அந்த வீட்டாருக்கு விளங்கிவிடும்.

சைவக் குடும்பமென்றால் இன்னும் கவனம் வேண்டும். தலைமாட்டில் மாமாங்கேஸ்வரர் படம் இருக்கும், நெற்றியில் திருநீறு இருக்கும், கையில் கண்ணகி அம்மன் கோயில் நூல் கட்டியிருக்கும். அதைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். "எல்லாச் சாமியும் ஒண்டுதானே புள்ள" என்று அவர் சொன்னால், அந்த இடத்தில் வாதம் செய்வது அன்பாகாது. "நீ ஏன் இயேசுவக் கும்பிடுறாய்?" என்று அவரே கேட்டால் சொல்லுங்கள், மறைக்காதீர்கள். உங்கள் வாழ்க்கையில் அவர் என்ன செய்தார் என்பதை இரண்டு மூன்று நிமிடத்தில் சொல்லி நிறுத்துங்கள். நான் அநேகமாகச் சிலுவையில் பக்கத்தில் தொங்கிய கள்வனைப் பற்றிச் சொல்வேன். அவனுக்கு ஒரு நல்ல காரியம் செய்யவும் நேரம் இருக்கவில்லை. "என்னை நினைத்துக்கொள்ளும்" என்று மட்டும்தான் கேட்டான், அன்றைக்கே தன்னோடு பரதீசில் இருப்பாய் என்று இயேசு சொன்னார். சாகப் போகிறவருக்கு இதைவிடப் பெரிய செய்தி எனக்குத் தெரியாது. நரகத்தைப் பற்றி ஏன் சொல்லவில்லை என்று சிலர் என்னிடம் கேட்கிறார்கள். மூச்சுக்கே திணறுகிற ஒருவரைப் பயமுறுத்தி வாங்குகிற ஆமென், விசுவாசம் ஆகாது.

ஞானஸ்நானம் கேட்டால்? தெளிவாக இருக்கும்போது, ஒரு முறைக்கு மேல், தானாகக் கேட்டால் போதகரை அழையுங்கள். மருந்து மயக்கத்தில் தலையாட்டியதை வைத்து எதுவும் செய்யாதீர்கள். குடும்பத்துக்குத் தெரியாமலும் செய்யாதீர்கள். எந்த மதத்தையும் தெரிந்தெடுக்கிற சுதந்திரத்தை நமது அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை தருகிறது, முடிவு அவருடையதுதான். ஆனால் அவர் போன பிறகு, புதைப்பதா எரிப்பதா, கொள்ளி யார் வைப்பது, 31ஆம் நாள் கிரியை செய்வதா என்று அந்த வீட்டில் சண்டை வரும். அதையும் அவர் உயிரோடு இருக்கும்போதே, பிள்ளைகளையும் இருத்திக் கதைத்துவிட வேண்டும்.

கத்தோலிக்கர் என்றால் முதலில் கேட்க வேண்டியது, பங்குச் சுவாமியை வரச்சொல்லவா என்றுதான். நோயில் பூசுதலும் நற்கருணையும் அவர்களுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்று வார்டில் நான் பார்த்திருக்கிறேன். செபமாலையை எடுத்துக் கையில் கொடுங்கள். நீங்கள் வேறு சபை என்பதை அந்த வேளையில் மறந்துவிடலாம். நம்முடைய ஆட்களுக்கோ 23ஆம் சங்கீதம் போதும். ஆறே வசனம். ஞாயிறு பாடசாலையில் மனப்பாடம் செய்த பழைய மொழிபெயர்ப்பில் மெதுவாகச் சொன்னால், பேச்சு நின்றுபோனவருடைய உதடும் கூடவே அசையும்.

எங்கள் பக்கத்தில் இன்னொரு கேள்வி வரும். 2004 டிசம்பர் 26 அன்று கடல் கொண்டுபோன பிள்ளை. 1990இல் கூட்டிக்கொண்டு போய் இன்றுவரை திரும்பாத மகன். கடைசி நாட்களில் தாய்மார் இவர்களைத்தான் தேடுவார்கள். "அவன அங்க காணுவனா?" கடலில் போன பிள்ளை என்றால், இயேசு பிள்ளைகளைக் கையில் அணைத்துக்கொண்டவர், அவரிடத்தில்தான் இருக்கிறான் என்று நான் நம்புகிறதைச் சொல்வேன். காணாமல் போன மகன் வேறு. அவன் செத்துவிட்டான் என்று அந்தத் தாய் ஒருநாளும் தன் வாயால் சொல்லியிருக்கமாட்டா. பரலோகத்தில் காணுவீர்கள் என்று நாம் சொன்னால், அந்தத் தாய் இத்தனை வருடமும் ஏற்காத சாவை அந்தக் கட்டிலருகே நாம் அறிவித்துவிடுகிறோம். அதனால் அவனுடைய பெயரைக் கேளுங்கள். என்ன சாப்பாடு பிடிக்கும், எப்படிச் சிரிப்பான் என்று கேளுங்கள். பிறகு அந்தப் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள்: ஆண்டவரே, அவன் எங்கே இருக்கிறான் என்று உமக்குத் தெரியும், அவனையும் அம்மாவையும் உம்முடைய கையில் வைத்துக்கொள்ளும். அழுகை வந்தால் அழுங்கள். லாசருவின் கல்லறைக்குப் போகிற வழியில் இயேசுவும் கண்ணீர் விட்டார்.

இதெல்லாம் தேவசித்தம் என்று மட்டும் விளக்கம் கொடுக்காதீர்கள். 2019 உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்துப் பிள்ளைகளை இழந்தவர்கள் இந்த ஊரில் நம்மோடு இருக்கிறார்கள். அந்தச் சொல் எவ்வளவு குத்தும் என்பது அவர்களுக்குத் தெரியும். விசுவாசம் இருந்தால் சுகமாகும் என்பதும் வேண்டாம். சுகமாகாதபோது, தன் விசுவாசம் குறைவு என்று நினைத்துக்கொண்டு அவர் போவார். மருந்தை நிறுத்தச் சொல்பவரை வீட்டுக்குள் விடக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

கடைசி மணித்தியாலங்களில் தொண்டையில் கரகரவென்று சத்தம் வரும், மூச்சு நின்று நின்று வரும். அது இயல்பு என்று வீட்டாருக்குச் சொல்லுங்கள். காது கேட்டுக்கொண்டிருக்கலாம், அதனால் செத்தவீட்டு ஏற்பாட்டைத் தலைமாட்டில் நின்று கதைக்க விடாதீர்கள். அந்த நேரம் பிள்ளைகளுடையது. நீங்கள் பின்னால் நில்லுங்கள், கூப்பிட்டால் வாருங்கள்.

அவர் கண் மூடிய பிறகு, கடைசியில் இயேசுவை ஏற்றுக்கொண்டார் என்று சபையில் சாட்சி சொல்ல ஆசை வரும். அவர் உங்களிடம் தனியே சொன்னது உங்களோடு இருக்கட்டும். பிள்ளைகள் தாங்களாகவே முன்வந்து சொன்னால் சரி. 31ஆம் நாள் முடிந்து சொந்தக்காரர் எல்லாம் ஊருக்குப் போன பிறகு, பகல் முழுக்கப் பராமரித்த அந்த மகளைப் பார்க்க ஒருநாள் போங்கள்.