தையல்சிட்டின் சொந்தமெல்லாம் தைப்பதில்லை: கூடு பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப்புற ஊரில் குருவிக்கூடு பார்க்கக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. துணி காயப்போடும் கம்பியில் ஒன்று, கத்திரிச் செடியில் ஒன்று, கடைவரிசைக் கூரைக்கு அடியில் ஒன்று என்று கண்ணெதிரிலேயே இருக்கும். கைபேசியில் படம் எடுத்து வந்து "அண்ணே, இது என்ன குருவிக் கூடு?" என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் சொல்வது ஒன்றுதான். கூட்டின் உருவத்தை அப்புறம் பார்க்கலாம். அது எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று பாருங்கள். இலையோடு தைத்திருக்கிறதா, தொங்குகிறதா, கிளைக் கவட்டில் உட்கார்ந்திருக்கிறதா, பொந்துக்குள் இருக்கிறதா? இதைக் கவனிக்காமல் விடுவதால்தான் பாதித் தவறுகள் வருகின்றன.

ஒரே குடும்பத்துக் குருவிகள் ஒரே மாதிரிதான் கட்டும் என்று நினைப்பது எல்லாவற்றிலும் பெரிய தவறு. தையல்சிட்டும், மலாய்க்காரர்கள் பெரெஞ்சாக் பாடி என்று சொல்லும் மஞ்சள்வயிற்றுக் கதிர்க்குருவியும் நெருங்கிய சொந்தம். தையல்சிட்டு செடியிலிருக்கும் இலையின் இரண்டு ஓரங்களையும் இழுத்துச் சேர்க்கும். அலகால் ஓரத்தில் சின்னச் சின்னத் துளை போட்டு, பஞ்சு இழையையோ சிலந்தி நூலையோ நார்களையோ நுழைத்து இழுக்கும். கிட்டப் போய்ப் பார்த்தால், வெளியே வந்த நுனி ஒவ்வொன்றும் பிரிந்து உப்பிப்போய் வெள்ளைப் பொட்டாக நிற்பது தெரியும். அந்த உப்பல்தான் இழையைக் கழன்று வராமல் பிடித்துக்கொள்கிறது. காம்பு அறுபடாததால் இலை வாடுவதில்லை. சுற்றியிருக்கும் பச்சையோடு பச்சையாகக் கூடு மறைந்துவிடும். இலைப்பைக்குள்ளே இலவம்பஞ்சு மெத்தை.

கதிர்க்குருவியோ லாலாங் என்னும் உயரமான களைப்புல்லுக்கு நடுவே தரைக்குக் கொஞ்சம் மேலே, புல்லிழையைப் பின்னி, சிலந்தி நூலால் இறுக்கி, நீள்வட்டப் பை ஒன்றைக் கட்டும். வாசல் பக்கவாட்டில், மேலே தள்ளி இருக்கும். சொந்தக்காரக் குருவிதானே, இதுவும் இலையில்தான் இருக்கும் என்று செடிசெடியாகத் தேடிவிட்டு, காலடியில் இருக்கும் கூட்டை மிதித்துவிடுகிறவர்கள் உண்டு.

தமிழ்நாட்டு நண்பர்கள் போடும் காணொளியைப் பார்த்து இங்குள்ள கூட்டை முடிவு செய்வதும் இதே வகைத் தவறுதான். அங்கே இருக்கும் சாம்பல் கதிர்க்குருவி, கதிர்க்குருவியாக இருந்தும், தையல்சிட்டைப் போல இலையைத் தைத்துக் கூடு கட்டுவது உண்டு. அந்த வழக்கத்தை நம் லாலாங் மேட்டில் எதிர்பார்க்கக்கூடாது.

மறுபக்கம், தையல்சிட்டுகளுக்குள்ளேயே எது எது என்று கூட்டை மட்டும் வைத்துச் சொல்ல முயல வேண்டாம். சாதாரணத் தையல்சிட்டு, சாம்பல் தையல்சிட்டு, கருங்கழுத்துத் தையல்சிட்டு மூன்றும் தைக்கின்றன, மூன்றின் தையலும் ஏறக்குறைய ஒன்றுதான். பறவை வரும்வரை எட்ட நின்று காத்திருங்கள். முகம் செம்பழுப்பு, உடம்பு சாம்பல் என்றால் சாம்பல் தையல்சிட்டு. உச்சந்தலை மட்டும் செம்பழுப்பு, முதுகு பச்சை, வயிறு வெளுப்பு என்றால் சாதாரணம். தொண்டை கறுத்திருந்தால் கருங்கழுத்துக்காரரின் ஆண்.

தேன்சிட்டுக் குடும்பத்தில் வேறுபாடு இன்னும் அதிகம், இதில் நம்மவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்றும் இருக்கிறது. வீட்டு வாசலில் தொங்கும் தேன்சிட்டுக் கூடு எல்லாருக்கும் தெரியும். நீண்ட பை, பக்கவாட்டு வாசலுக்கு மேலே சின்னதாக ஒரு தாழ்வாரம், கீழே வால் போலத் தொங்கும் சருகும் நாரும். பெரும்பாலும் பெண்தான் கட்டும், அடைகாப்பதும் பெண்தான். இதே குடும்பத்தைச் சேர்ந்த சின்னச் சிலந்திபிடிப்பான் தொங்கவிடுவதே இல்லை. வாழையிலை போன்ற அகன்ற இலையின் அடிப்பக்கத்தில் கூட்டை ஒட்டவைத்து, சிலந்தி நூலையும் நாரையும் இலைக்குள் குத்தி மேல்பக்கம் எடுத்துச் சிறு முண்டாக்கிப் பிடிக்க வைக்கும். இங்கே ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும்.

கீழே நின்று அண்ணாந்தாலும் அது சருகு ஒட்டிய இலை போலத்தான் தெரியும். கோயில் அன்னதானத்துக்கோ கல்யாணத்துக்கோ தோட்டத்து ஓரம் வாழையிலை அறுக்கப் போகிறவர்களுக்கு இதனால்தான் சொல்கிறேன்: இலையை இழுக்கும் முன் அடிப்பக்கம் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். மேல்பக்கம் நடுநரம்பை ஒட்டி வரிசையாக வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் அந்த இலையை விட்டுவிட்டு அடுத்த மரத்துக்குப் போங்கள். அறுத்த பிறகு தெரிந்து என்ன பயன்?

உருவம் ஒத்துப்போனால் சொந்தம் என்று முடிவு கட்டுவதும் தவறு. தூக்கணாங்குருவியின் கூடும் தேன்சிட்டின் கூடும் தொங்குகின்றன, ஆனால் இரண்டும் வேறு வேறு வம்சம். தூக்கணாங்குருவி பச்சைப் புல்கீற்றை நெய்து, கீழ்நோக்கி நீளக் குழாய் வைத்து, கூட்டம் கூட்டமாகக் கட்டும். தேன்சிட்டு தனியாகக் கட்டும், சிலந்தி நூல்தான் அதற்குப் பசை. சில்லை என்னும் சின்னத் தானியக் குருவிகளின் புல்லுருண்டைக் கூட்டைக் கதிர்க்குருவிக் கூடு என்று சொல்வோரும் உண்டு. சில்லை கட்டுவது பெரிதாக, ஒழுங்கில்லாமல், புல் நீட்டிக்கொண்டு இருக்கும்.

அப்படியானால் கூட்டை வைத்து வம்சம் சொல்லவே முடியாதா? சில குடும்பங்களில் முடியும். பறந்தபடியே பூச்சி பிடிக்கும் தகைவிலான்களை எடுத்துக்கொள்ளுங்கள். கடைவரிசையில் சேற்றுக் கிண்ணம் வைப்பது ஒரு வகை. செவ்வயிற்றுத் தகைவிலான் அதே சேற்றில் மூடிய குடுவை செய்து குழாய் வாசல் வைக்கும். பாலத்தடியிலும் நம் சுண்ணாம்புக் குன்றுகளின் விதானத்திலும் ஒட்டியிருக்கும். பறவை ஆய்வாளர்கள் டேவிட் விங்க்லரும் ஃபிரெடெரிக் ஷெல்டனும் 1993-இல் மரபணு ஒப்பீட்டை வைத்து, தகைவிலான்களின் கூடுகட்டும் முறை அவற்றின் வம்ச வரிசையோடு நன்றாகப் பொருந்துவதைக் காட்டினார்கள். ஆகவே ஒரு குடும்பத்தில் கற்றதை அடுத்த குடும்பத்தின்மேல் ஏற்றாதீர்கள். இன்னொன்று, கூட்டை எடுத்து விற்பதற்கென்றே கட்டிய பறவைக்கூட்டு வீடுகளில் எச்சிலால் கூடு கட்டும் வாலிட் (உழவாரன்) தகைவிலானே அல்ல, பாடும் பறவையினமும் அல்ல.

இனிப் பறவைக்கே கேடு விளைவிக்கும் தவறுகள். பூந்தொட்டிக்குள் சின்னான் கட்டிய கிண்ணத்தில் ஒரே ஒரு முட்டை, தாயைக் காணோம். உடனே "விட்டுட்டுப் போயிருச்சு" என்று எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். நாளுக்கு ஒன்றாக இரண்டு மூன்று முட்டை இட்டு முடிகிற நேரத்தில்தான் அது முழுமூச்சாக உட்காரும். அதுவரை கூடு ஆளில்லாமல் கிடப்பது இயல்பு. தொட்டால் தாய் வராது என்று பிள்ளைகளிடம் சொல்கிறோம், அது அப்படியல்ல. ஆனால் நாம் அடிக்கடி போய்வந்தால் காக்கையும் பூனையும் கவனித்துவிடும். படத்துக்காகக் கிளையை ஒதுக்கி ஒடிப்பது அதைவிட மோசம். தைத்த இலைக்கு நிழல் போனால் குஞ்சு வெயிலில் துவண்டுவிடும்.

ஆர்வத்தில் மரப்பெட்டி செய்து மாட்டிவிட்டு, தையல்சிட்டு வரும் என்று காத்திருப்பதும் வீண். பெட்டி, பொந்தில் வாழும் பறவைக்கு. முராய் கம்போங் (குண்டுகரிச்சான்) வரலாம், மைனா வரலாம். காட்டோரத்து முராய் பத்துவுக்கும் (சோலைபாடி) பொந்துக் கூடுதான், ஆனால் அதைப் பெட்டி வைத்து வீட்டுக்கு இழுக்கும் எண்ணமே வேண்டாம். அது பாதுகாக்கப்பட்ட பறவை, வளர்க்க வனவிலங்குத் துறையின் உரிமம் வேண்டும்.

தையல்சிட்டு தன்னைவிடப் பெரிய குஞ்சுக்கு இரை ஊட்டுவதைப் பார்த்தால், அது சேவா மாத்தி ஆனாக் என்னும் சிறு குயிலின் குஞ்சாக இருக்கலாம். பாவம் என்று அதைப் பிடுங்கி எறியாதீர்கள். குயிலும் இந்த ஊர்ப் பறவைதான்.

வேலி வெட்டவோ புல்லுக்கு மருந்தடிக்கவோ ஆள் வைத்திருந்தால், ஆண்டின் முதற்பாதியில் முன்கூட்டியே ஒருமுறை சுற்றிப் பாருங்கள். தையல்சிட்டுக்கு அடைகாக்க ஏறக்குறைய 12 நாள், குஞ்சு பறக்க இன்னும் இரண்டு வாரம், மொத்தம் ஒரு மாதம்கூட இல்லை. தேன்சிட்டுக்குக் கூடுதலாகப் பொறுக்க வேண்டும். குஞ்சுகள் போன பிறகும் சில நேரம் அதே கூட்டைச் சரிசெய்து மறுபடி முட்டையிடும். அதனால் கம்பியில் தொங்கும் காலிக் கூட்டை உடனே பிய்த்துவிடாமல், துணியைச் சில வாரம் வேறு பக்கம் காயப்போடுங்கள்.