ஹோம்வேர்ல்ட் முதன்முறை ஆடுகிறவர்களுக்கு: மூன்றாவது மிஷன் வரை

விண்வெளி பிடிக்கும், ஆனால் ரியல்-டைம் ஸ்ட்ராட்டஜி ஆட்டங்களை (நேரம் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்க, படையைக் கட்டி நடத்தும் ஆட்டங்கள்) தொட்டதே இல்லை, எதில் தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஹோம்வேர்ல்ட். கனடாவின் வான்கூவரில் இருந்த ரெலிக் என்டர்டெயின்மென்ட் செய்து, சியரா 1999 செப்டம்பரில் வெளியிட்டது. 2015 பிப்ரவரியில் கியர்பாக்ஸ் அதன் காட்சிகளையும் ஒலியையும் புதுப்பித்து, இரண்டாம் பாகத்தையும் சேர்த்து, ஹோம்வேர்ல்ட் ரீமாஸ்டர்ட் கலெக்‌ஷன் என்று கொண்டுவந்தது. ஸ்டீம், ஜிஓஜி என்ற இணைய ஆட்டக் கடைகளில் கிடைக்கும்.

கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கராக் என்ற பாலைவனக் கோளில் ஒரு மக்கள் வாழ்கிறார்கள். மணலுக்கடியில் புதைந்துபோன ஒரு பழைய விண்கலத்தில் அவர்களுக்கு ஒரு கல் கிடைக்கிறது. தங்கள் பூர்வீகம் இந்தக் கோள் இல்லை, வெகுதொலைவில் இருக்கும் ஹீகரா என்று அதிலிருந்து தெரிந்துகொள்கிறார்கள். தலைமுறைகள் உழைத்து ஒரு தாய்க்கப்பல் கட்டுகிறார்கள். கரன் ஸ்ஜெட் என்ற விஞ்ஞானி தன் உடலையே அந்தக் கப்பலோடு இணைத்துக்கொள்கிறார். ஆட்டம் முழுக்க உங்களோடு பேசும் அமைதியான பெண்குரல் அவருடையது. இதற்கு மேல் கதை தெரிந்துகொள்ள வேண்டாம். யூடியூப்பில் ஆடிக் காட்டும் வீடியோ எதையும் முன்கூட்டியே பார்க்காதீர்கள், குறிப்பாக மூன்றாவது மிஷனை.

போன பொங்கல் விடுமுறையில் என் தம்பியை இந்த ஆட்டத்தின் முன் உட்காரவைத்தேன். மொபைலில் கிரிக்கெட் தவிர வேறு எதுவும் ஆடாதவன் அவன். பக்கத்தில் இருந்து அவன் எங்கெங்கே திணறினான், எதைச் சொன்னவுடன் பிடித்துக்கொண்டான் என்று பார்த்ததில் இருந்துதான் இந்தக் குறிப்புகளை எழுதுகிறேன்.

தொடங்கும்முன் சில விஷயங்கள். சக்கரம் உள்ள மவுஸ் கட்டாயம் வேண்டும். லேப்டாப்பின் டச்பேடில் இதை ஆடவே முடியாது. சப்டைட்டிலைப் போட்டுக்கொள்ளுங்கள். சண்டை நடக்கும்போது வரும் கட்டளைகள் ஆங்கிலத்தில் வேகமாகப் போய்விடும். கலெக்‌ஷனைத் திறந்தால் நான்கு ஆட்டங்கள் இருக்கும்: இரண்டு பாகங்களின் பழைய வடிவமும் புதிய வடிவமும். ஹோம்வேர்ல்ட் 1-இன் ரீமாஸ்டர்ட் வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். 2024-இல் மூன்றாம் பாகமும் வந்துவிட்டது. புதியதுதானே நன்றாக இருக்கும் என்று அதிலிருந்து தொடங்குகிறவர்கள் உண்டு. கதை முதல் பாகத்தில்தான் வேர் விட்டிருக்கிறது, அதனால் அது வேண்டாம் என்பேன்.

சரி, முதல் மிஷன். இது முழுக்க வெள்ளோட்டம். உண்மையான எதிரி யாரும் வரமாட்டார்கள். திரையில் வரும் வேலைகளை அவசரமாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும் என்று கை துறுதுறுக்கும். போகாதீர்கள். இந்த ஆட்டத்தில் பாதித் திறமை கேமராவில் இருக்கிறது. அதைப் பழக உங்களுக்குக் கிடைக்கும் ஒரே நிம்மதியான இடம் இதுதான்.

கேமரா எப்போதும் ஏதாவது ஒரு கப்பலையோ கப்பல் கூட்டத்தையோ மையமாக வைத்துச் சுற்றும். வலது பட்டனை அழுத்திப் பிடித்து இழுத்தால் அந்தக் கப்பலைச் சுற்றி வரலாம். சக்கரத்தை உருட்டினால் கிட்டே போகலாம், தள்ளி வரலாம். வேறு கப்பலைப் பார்க்க வேண்டுமா? அதைத் தேர்ந்தெடுத்து எஃப் கீயை அழுத்துங்கள், பார்வை அங்கே போய்விடும். "அக்கா, என் கப்பல் எங்க போச்சு?" என்று தம்பி முதல் அரைமணி நேரம் கேட்டுக்கொண்டே இருந்தான். "எஃப் அமுக்குடா" என்பதுதான் ஒவ்வொரு முறையும் என் பதில். அப்புறம் கேட்பது தானாக நின்றது.

ஒரு பயிற்சி சொல்கிறேன். பி கீயை அழுத்தி, வேவு பார்க்கும் ஒரு ஸ்கவுட் கப்பலைக் கட்டுங்கள். அதைத் தேர்ந்தெடுத்து எம் கீயை அழுத்தினால் ஒரு வட்டத்தட்டு விரியும். மவுஸை நகர்த்தி எங்கே போக வேண்டும் என்று அதில் குறிக்கலாம். இப்போது ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு மவுஸை மேலே தள்ளுங்கள். தட்டிலிருந்து ஒரு கோடு செங்குத்தாக எழும். அந்தக் கோட்டின் முனையில்தான் கப்பல் போய் நிற்கும். இப்படித் தாய்க்கப்பலின் தலைக்கு மேலே ஒரு புள்ளி, அதன் வயிற்றுக்குக் கீழே ஒரு புள்ளி, பின்னால் ஒரு புள்ளி என்று ஸ்கவுட்டை அனுப்பிப் பழகுங்கள். ஒவ்வொரு முறையும் எஃப் போட்டு அதனோடு கூடவே போங்கள். கீழே இருந்து பார்க்கும்போது தாய்க்கப்பல் எவ்வளவு பெரியது என்று முதன்முறையாக உறைக்கும். தரையில் நடக்கும் போர் ஆட்டங்கள் கேரம் பலகை மாதிரி, எல்லாம் ஒரே மட்டம். இங்கே எதிரி உங்கள் காலடியிலிருந்தும் வருவான்.

இதைப் பழகியதும் ஸ்பேஸ் பாரை அழுத்துங்கள். சென்சார்ஸ் மேனேஜர் என்ற முழு வரைபடம் திறக்கும். உங்கள் கப்பல்கள், எதிரிகள், தோண்டியெடுக்க வேண்டிய பாறைகள், தூசு மேகங்கள் எல்லாம் அங்கே தெரியும். இதையும் சுழற்றலாம், இங்கிருந்தே நகர்வுக் கட்டளையும் கொடுக்கலாம். புதிதாக ஆடுகிறவர்கள் அழகான வெடிப்புகளைக் கிட்ட நின்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அந்த நேரத்தில் மறுகோடியில் பாறைகளைத் தோண்டியெடுக்கும் அவர்களுடைய ரிசோர்ஸ் கலெக்டர் கப்பலை யாராவது சுட்டுக்கொண்டிருப்பார்கள். சண்டைக்கு நடுவிலும் அடிக்கடி ஸ்பேஸ் பாரைத் தட்டி ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பும் பழக்கம் வர வேண்டும்.

கட்டுமானம் சுலபம். பி கீ கட்டுமானப் பட்டியலைத் திறக்கும், ஆர் கீ ஆராய்ச்சியை. எதைக் கட்டுவதற்கும் ஆர்யூ (ரிசோர்ஸ் யூனிட்) என்ற ஒரே செல்வம்தான் தேவை, பாறைகளிலிருந்து கிடைப்பது அது. தங்கம், மரம், உணவு என்று பிரித்துக் கணக்குப் பார்க்கும் வேலை இல்லை. முதலில் ரிசோர்ஸ் கலெக்டர்களைக் கட்டி பாறைகளுக்கு அனுப்புங்கள். ஒரு மிஷனில் கிடைக்கும் ஆர்யூவுக்கு ஓர் எல்லை உண்டு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். இழக்கும் ஒவ்வொரு கப்பலும் அந்த எல்லைக்குள்ளிருந்துதான் திரும்ப வர வேண்டும்.

பெரும்பாலான ஸ்ட்ராட்டஜி ஆட்டங்களில் ஒரு கட்டம் முடிந்தால் படை கலைந்துவிடும், அடுத்ததில் எல்லாம் புதிதாக. ஹோம்வேர்ல்டில் அப்படி இல்லை. முதல் மிஷனில் கட்டிய இன்டர்செப்டர் என்ற சின்னச் சண்டைக் கப்பல் பிழைத்திருந்தால் கடைசி மிஷன் வரை உங்களோடு வரும். மொத்தம் 16 மிஷன்கள். இது தெரிந்த பிறகு தம்பி ஆடும் விதமே மாறிவிட்டது. அடிபட்டுப் புகைவிடும் சின்னக் கப்பல்களைச் சண்டையிலிருந்து பின்வாங்கவைத்து, தாய்க்கப்பலுக்குள் அனுப்பிப் பழுது பார்க்கத் தொடங்கினான். "பாவம், இது முதல்ல இருந்து கூட வருது" என்றான். நான் இந்த ஆட்டத்தை இவ்வளவு நேசிப்பதற்கு அதுதான் காரணம். வெறும் எண்ணிக்கையாக இருக்க வேண்டிய ஒன்று துணையாகிவிடுகிறது.

இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. நொண்டிப்போன படையோடு ஒரு மிஷனை முடித்தால் அடுத்ததை அந்த நொண்டிப் படையோடுதான் தொடங்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு மிஷனின் தொடக்கத்திலும் தனிப் பெயரில் ஒரு சேவ் போடுங்கள். பழையதன் மேல் எழுதாதீர்கள். ஒரு மிஷனில் மாட்டிக்கொண்டால் இரண்டு மிஷன் பின்னால் போய்ப் படையைத் தேற்றிக்கொண்டு வர அது ஒன்றுதான் வழி.

இரண்டாவது மிஷனில் முதல் எதிரிகள் வருகிறார்கள். துரானிக் கொள்ளையர்கள் என்று பெயர். பதற்றமாக இருக்கும், ஆனால் இன்டர்செப்டர்கள் போதும். தனித்தனியாக அனுப்பாமல் கூட்டமாக வையுங்கள். கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு ஓர் எண்ணை அழுத்தினால் தேர்ந்தெடுத்த கூட்டம் அந்த எண்ணில் பதிந்துவிடும். அப்புறம் எண்ணை மட்டும் தட்டினால் போதும். இன்டர்செப்டர்களுக்கு 1, சால்வேஜ் கார்வெட்டுகளுக்கு 2 என்று முதல் நாளிலிருந்தே ஒரே ஒழுங்கில் வைத்துக்கொள்ளுங்கள், விரல்களே நினைவில் வைத்திருக்கும். அணிவகுப்புகளில் டெல்டா, சுவர், கோளம் என்று பல உண்டு. தொடக்கத்தில் டெல்டா போதும், மீதியைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம்.

சால்வேஜ் கார்வெட் என்றேன் இல்லையா, அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பார்க்க ஒன்றுமே இல்லாத கப்பல் அது. துப்பாக்கி கூடக் கிடையாது. ஆனால் எதிரிக் கப்பலில் போய் ஒட்டிக்கொண்டு, அதை இழுத்துவந்து உங்கள் தாய்க்கப்பலில் சேர்த்துவிடும். அதன் பிறகு அந்தக் கப்பல் உங்களுடையது, அடுத்தடுத்த மிஷன்களுக்கும் உங்களோடு வரும். படை கூடவே வரும் ஆட்டத்தில் இதைவிட நல்ல முதலீடு இல்லை. ஃபிரிகேட் என்ற பெரிய போர்க்கப்பல் ஒன்றை அழித்தால் மிஞ்சுவது வெடிச் சத்தம். பிடித்தால் ஒரு ஃபிரிகேட் மிஞ்சும்.

இதற்குச் சில நுணுக்கங்கள் உண்டு. பெரிய கப்பலை ஒரே கார்வெட்டால் இழுக்க முடியாது, கூட்டமாக அனுப்புங்கள். போகும் வழியில் சில அடிபட்டு அழியும் என்பதால் தேவைக்கு மேல் ஒன்றிரண்டு கூடவே இருக்கட்டும். எதிரியின் கவனத்தைத் திருப்ப இன்டர்செப்டர்களை முன்னால் விடுங்கள், கார்வெட்டுகள் வேறு திசையிலிருந்து வரட்டும். முதல் மிஷனில் ஷிஃப்டைப் பிடித்துப் பழகியது இங்கேதான் கைகொடுக்கும். கார்வெட்டுகளை முதலில் உயரத்துக்கு அனுப்பி, எதிரியின் பின்பக்கம் வரை கொண்டுபோய், அங்கிருந்து இறக்குங்கள். பின்னால் வரும் மிஷன்களில் கதிர் பாய்ச்சிச் சுடும் அயான் கேனன் ஃபிரிகேட்டுகளைச் சந்திக்கும்போது இந்தப் பழக்கம் இன்னும் பயன்படும். அந்தக் கதிர் மூக்குக்கு நேரே மட்டும்தான் பாயும், முதுகுப்பக்கம் வருகிறவனை அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

மூன்றாவது மிஷனுக்குத் தாவும்முன் சால்வேஜ் கார்வெட்டுகள் கையில் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அங்கே என்ன நடக்கிறது என்று நான் சொல்லப்போவதில்லை. முதல் சில நிமிடங்கள் எந்தக் கீயையும் தொடாமல் பாருங்கள், கேளுங்கள், ஒலியைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள். தம்பி மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டான். அதன் பிறகு உடனே வேலை இருக்கிறது. காப்பாற்ற வேண்டியவை சில இருக்கும், ஃபிரிகேட்டுகள் அவற்றைச் சுட்டுக்கொண்டிருக்கும். உங்கள் இன்டர்செப்டர்கள் அந்த ஃபிரிகேட்டுகளை உடைத்து முடிக்க வெகுநேரம் ஆகும், அவ்வளவு நேரம் உங்களிடம் இல்லை. சால்வேஜ் கார்வெட்டுகளை அனுப்பி ஒவ்வொன்றாக இழுத்துவிடுங்கள். இழுபடத் தொடங்கிய கப்பல் சுடுவதை நிறுத்திவிடும். கோபம் வரும், எல்லாவற்றையும் அழிக்க வேண்டும் என்று தோன்றும். ஆனால் அந்த இடத்தில் வேகமாகக் காப்பாற்றும் வழி பிடிப்பதுதான்.

எல்லாம் அடங்கியதும் அடுத்த இடத்துக்குத் தாவுவதற்கான ஹைப்பர்ஸ்பேஸ் பட்டன் வரும். அதை உடனே அழுத்த வேண்டியதில்லை, யாரும் துரத்தவில்லை. பாறைகள் மிச்சம் இருந்தால் கலெக்டர்கள் அள்ளி முடிக்கட்டும். அடிபட்டவை உள்ளே வந்து பழுது பார்த்துக்கொள்ளட்டும், ஓடிக்கொண்டிருக்கும் ஆராய்ச்சி முடியட்டும். இழந்த கார்வெட்டுகளுக்குப் பதில் கட்டுங்கள், ஆனால் கையிருப்பை முழுதாகக் காலி செய்யாதீர்கள். நான்காவது மிஷனில் பென்டுசி என்ற வணிகர்கள் வருகிறார்கள். அவர்கள் விற்கும் தொழில்நுட்பத்தை வாங்க ஆர்யூ வேண்டும்.