உப்புக்காற்றில் தேனீக்குத் தோட்டம்

ராமநாதபுரம் கடலோரம், உச்சிப்புளிப் பக்கம் எங்கள் கொல்லை முழுக்க மணல்தான். தேனீ வரட்டும் என்று நர்சரியில் அடுக்குச் செம்பருத்தியும் காகிதப்பூவும் வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். அவை நம் கண்ணுக்கு அழகு, அவ்வளவுதான்.

முதலில் காற்றை மறிக்க வேண்டும். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற பக்கம் பனைமட்டை வேலி கட்டி, அதை ஒட்டிப் பூவரசம் போத்து ஊன்றுங்கள். முருங்கை காற்றுக்கு முறியும், அதை உள்ளே தள்ளி நடுங்கள். புரட்டாசிக் கடைசியில், மழைக்கு முன்னால் குழி எடுத்து, கண்மாயில் படிகிற வண்டல்மண்ணான கரம்பையும் ஆட்டுப்புழுக்கையும் கலந்து போட்டால் மணலில் ஈரம் நிற்கும். கரம்பை அள்ளத் தாலுகா ஆபீசில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆவாரை, தும்பை, எள், துளசி போதும். துளசிக் கதிரை முழுக்கக் கிள்ளாமல் பாதியை விடுங்கள். எருக்கை வெட்டச் சொல்லி என் மாமியார் இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்; வருஷம் பூராவும் பூக்கிற செடியை எப்படி வெட்டுவது? சீமைக்கருவேலத்திலும் தேனீ மொய்க்கும். அதற்காக அதை வளர்க்கச் சொல்ல மாட்டேன்.

கத்தரி போட்டால் காலையில் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அதன் மகரந்தப்பையின் நுனியில் சின்ன ஓட்டைதான் இருக்கும். நாம் கருவண்டு என்று விரட்டுகிற தச்சுத்தேனீ பூவைக் கவ்வித் தொங்கி, இறக்கையை மடக்கியபடியே உடம்பை அதிரவைக்கும். பறக்கும்போது இருந்த ரீங்காரம் சட்டென்று கீச்சென ஏறும். மகரந்தம் பொலபொலவென்று கொட்டி அதன் வயிற்றில் மஞ்சளாக அப்பிக்கொள்ளும். ஆவாரம்பூவிலும் இதே கதைதான். பெட்டியில் வளர்க்கிற தேனீக்கு இந்த வித்தை வராது. அதனால் காய்ந்த மூங்கில் ரெண்டை வேலியில் செருகி வையுங்கள், தச்சுத்தேனீ துளைத்துக் குடியேறும்.

ரெண்டு பாய் விரிக்கிற அகலத்துக்கு மணலைக் கொத்தாமல், மூடாமல் விடுங்கள். தேனீ இனங்களில் பாதிக்கு மேல் கூட்டமாக அடை கட்டாமல் தனித்தனியே மண்ணில் வளை தோண்டி முட்டையிடுகிறவை.

கறிவேப்பிலையில் பறவை எச்சம் போலப் புழு ஒட்டியிருந்தால் நசுக்காதீர்கள், பட்டாம்பூச்சியாகும். பூச்சிமருந்து வேண்டாம்; வேப்பெண்ணெய் தெளித்தாலும் இருட்டின பிறகு, பூவில் படாமல் இலைக்கு மட்டும். மண்சட்டியில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் வையுங்கள். தினமும் மாற்றாவிட்டால் கொசுதான் பெருகும்.

வேலியில் கொம்புத்தேனீ என்கிற சின்னத் தேனீ கூடு கட்டினால் புகை போடாதீர்கள். உள்ளங்கை அகலத்தில் ஒற்றை அடைதான். பிள்ளைகள் கல்லெறியாமல் பார்த்துக்கொண்டால் போதும். பூ வற்றினால் அதுவே இடம் மாறிவிடும்.