சட்டக் கல்லூரி விண்ணப்பம்: சர்டிபிகேட் ஃபைலை நம்பிச் செய்யும் தவறுகள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில், வேலூர் சத்துவாச்சாரி கோர்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் என் வக்கீல் அலுவலகத்துக்கு யாராவது பிள்ளையை அழைத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். போன வருடம் வந்த பையன் ஒரு நீல பிளாஸ்டிக் ஃபைலை மேசையில் வைத்தான். பேச்சுப்போட்டி, கட்டுரைப்போட்டி, சிலம்பம், என்.எஸ்.எஸ். முகாம், பணம் கட்டி ஆன்லைனில் வாங்கிய மனித உரிமைப் படிப்பு என்று மொத்தம் 26 சான்றிதழ்கள். "சார், இதெல்லாம் வச்சா காட்பாடி லா காலேஜ் கிடைக்குமா?" என்று கேட்டான். அவன் அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த 26-இல் ஒன்றுகூட அங்கே கணக்கில் வராது என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும். அரசுச் சட்டக் கல்லூரிகளில் ஐந்தாண்டு படிப்புக்கு பிளஸ் டூ மார்க், இட ஒதுக்கீடு, ரேங்க் லிஸ்ட், கலந்தாய்வு, அவ்வளவுதான். காட்பாடியில் 2008-இல் தொடங்கிய வேலூர் அரசுச் சட்டக் கல்லூரிக்கும் இதுதான், அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் சீர்மிகு சட்டப்பள்ளிக்கும் இதுதான். உங்கள் சாதனையைப் படித்துப் பார்க்க அங்கே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. திருச்சியில் இருக்கும் தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகம் போன்றவற்றுக்கு கிளாட் என்ற அகில இந்திய நுழைவுத் தேர்வு. இரண்டு மணி நேரத்தில் 120 கேள்விகள், ஒவ்வொரு தப்பான பதிலுக்கும் கால் மார்க் போய்விடும். ரேங்க் மட்டுமே பேசும்.

ஆக, எந்தக் கதவைத் தட்டப் போகிறோம் என்று பார்க்காமல் சாதனைகளைச் சேர்ப்பதுதான் முதல் தவறு. இதனால் பிளஸ் டூ வருடத்தில் சனி, ஞாயிறு எல்லாம் போட்டி போட்டியாக அலைந்து, மார்க்கில் 20, 30 இழந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பேச்சுப்போட்டிக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. நீதிபதி முன்னால் வாய் திறக்க அந்தப் பழக்கம் ஒருநாள் கைகொடுக்கும். சீட்டுக்காக மட்டும் போகாதீர்கள்.

அரசுக் கல்லூரிகளிலும் உங்கள் வாழ்க்கைக்கு இடம் உண்டு. ஆனால் அது சான்றுத் தாளாகக் கையில் இருக்க வேண்டும். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, 2021-இல் வந்த சட்டப்படி சட்டப் படிப்புக்கும் பொருந்தும். முன்னாள் ராணுவத்தினர் பிள்ளைகள், மாற்றுத்திறனாளிகள் போன்ற சிறப்புப் பிரிவுகளும் இருக்கின்றன. நம் பக்கம் கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருந்த ஊர்கள் உண்டு. அப்பா ராணுவத்தில் இருந்ததைப் பெருமையாகச் சொல்லும் பிள்ளை, முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் வாங்க வேண்டிய சான்றைக் கடைசி நாள் வரை வாங்காமல் விட்டிருக்கும். அந்த ஆண்டு விவரக் குறிப்பேட்டில் எந்தப் பிரிவுக்கு என்ன சான்று என்று எழுதியிருக்கும். அதை முழுசாகப் படியுங்கள். அக்காவுக்குப் போன வருடம் கேட்டது வேறு, இந்த வருடம் கேட்பது வேறாக இருக்கலாம்.

மூன்றாண்டு எல்.எல்.பி.க்கு வருகிறவர்களின் தவறு வேறு மாதிரி. ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் 15 வருடம் அக்கவுன்ட்ஸ் பார்த்தவர், அந்த அனுபவத்துக்கு ஏதாவது கூடுதல் மார்க் இருக்கும் என்று நினைத்து வந்தார். டிகிரி மார்க்தான் கணக்கு என்றதும் வாடிப்போனார். இதைவிட வலிக்கிற விஷயம் ஒன்று உண்டு. பத்தாவது, பிளஸ் டூ முறையாக முடிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம் வாங்கியிருந்தால், பார் கவுன்சிலின் 2008 விதிகளின்படி சட்டப் படிப்பில் சேர முடியாது. எத்தனை வருட வேலை அனுபவம் இருந்தாலும் இது மாறாது. விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன்னால் இதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, அனுபவம் உண்மையாகவே எடைபோடப்படும் இடங்களும் இருக்கின்றன. சிம்பயோசிஸ் போன்ற தனியார் பல்கலைக்கழகங்களில் நுழைவுத் தேர்வுக்குப் பிறகு நேர்காணல் உண்டு. இங்கிலாந்தில் இளநிலைப் படிப்புக்கு யூகாஸ் என்ற பொது விண்ணப்ப அமைப்பின் படிவத்தில் 4,000 எழுத்துக்குள் உங்களைப் பற்றி எழுத வேண்டும். 2026 சேர்க்கையிலிருந்து அதை மூன்று கேள்விகளாகப் பிரித்துவிட்டார்கள், மூன்றாவது கேள்வியே வகுப்புக்கு வெளியே நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதுதான். அமெரிக்காவில் ஜே.டி. என்ற சட்டப் பட்டம் படிக்க முதலில் ஒரு பட்டம் வேண்டும். 120 முதல் 180 வரை மதிப்பெண் போடும் எல்சாட் என்ற சட்டப் படிப்பு நுழைவுத் தேர்வும் பட்டப் படிப்பு மார்க்கும் முன்னால் நிற்கும், தன்விவரக் கட்டுரையும் பரிந்துரைக் கடிதங்களும் அதற்குப் பின்னால் வரும். இங்கிலாந்தில் எல்.எல்.எம். என்ற முதுநிலைச் சட்டப் படிப்புக்கு, அந்நாட்டு அரசு தரும் செவனிங் உதவித்தொகை கேட்பவர்களுக்கு 2,800 மணி நேர வேலை அனுபவம் இருந்தே ஆக வேண்டும்.

இங்கேதான் நம் பிள்ளைகள் தலைகீழாகத் தவறு செய்கிறார்கள். வாங்கிய சான்றிதழையெல்லாம் அடுக்குகிறார்கள், வாழ்ந்ததை மறைத்துவிடுகிறார்கள்.

குடியாத்தத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். பெங்களூருவில் ஒரு தனியார் கல்லூரிக்கு எழுதிய கட்டுரையைக் காட்டினாள். "சிறு வயது முதலே நீதியின் மீது எனக்குத் தீராத தாகம்" என்று தொடங்கியது. அடுத்த பத்தியில் சமூக சேவையில் ஆர்வம், தலைமைப் பண்பு. யார் வீட்டுப் பிள்ளை எழுதினாலும் இப்படித்தான் இருக்கும். வீட்டில் என்ன செய்கிறார்கள் என்று கேட்டேன். தயங்கிவிட்டு, "அம்மா பீடி சுத்துறாங்க சார்" என்றாள். நீ உதவுவாயா என்றேன். இலை நறுக்குவாளாம், இருபத்தைந்து இருபத்தைந்தாகக் கட்டுப் போடுவாளாம். அப்புறம் மெதுவாக ஒன்று சொன்னாள். பீடியைக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது சரியில்லை என்று கொஞ்சம் தள்ளிவிடுவார்கள், அதற்குக் கூலி கிடையாது. எத்தனை கொடுத்தோம், எத்தனை தள்ளினார்கள் என்று ஏழாவது படிக்கும்போதிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி போட்டு எழுதிவருகிறாள். தெருவில் இன்னும் நான்கு வீட்டுக்கும் சேர்த்து.

அந்த நோட்டை மறுநாள் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன். புகையிலைத் தூள் ஒட்டிய பக்கங்கள், பென்சிலில் கோடு போட்டுப் பிரித்த கட்டங்கள். ஒரு வழக்கறிஞர் ஆவணச் சான்று என்று எதைத் தேடி அலைகிறாரோ, அது ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கையில் இருந்திருக்கிறது. அதைக் கட்டுரையில் சொல்ல அவளுக்கு வெட்கம். எனக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. தாகத்தை எடுத்துவிட்டு நோட்டிலிருந்து தொடங்கு என்றேன்.

வீட்டு வேலை, கடையில் நிற்பது, சி.எம்.சி.க்கு வரும் வெளியூர் நோயாளிகளுக்கு ஃபாரம் நிரப்பிக் கொடுத்தது, தம்பியைப் பார்த்துக்கொண்டது, எல்லாமே அனுபவம்தான். ஆனால் கஷ்டத்தைச் சொல்லி இரக்கம் கேட்பதும் தவறு. படிப்பவருக்கு வேண்டியது, அந்த நிலையில் நீங்கள் என்ன பார்த்தீர்கள், என்ன செய்தீர்கள் என்பது.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கத்துப் பிள்ளைகள் பாலாற்றைப் பற்றி எழுதுகிறார்கள். எழுத வேண்டியதுதான். 1991-இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-இல் தீர்ப்புச் சொன்னது. தோல் தொழிற்சாலைக் கழிவால் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பாழானதை அந்தத் தீர்ப்பு பதிவு செய்தது. மாசுபடுத்துபவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக அறிவித்ததும் அதுதான். இந்தியாவில் சட்டம் படிக்கும் அத்தனை பேரும் படிக்கும் வழக்கு நம் ஊர் வழக்கு. அதனாலேயே, தீர்ப்பின் சுருக்கத்தைக் கட்டுரையில் எழுதிப் பயனில்லை. விண்ணப்பத்தைப் படிக்கும் பேராசிரியருக்கு அது மனப்பாடம். உங்கள் தாத்தாவின் கிணற்றில் மோட்டார் போட்டால் தண்ணீர் என்ன நிறத்தில் வந்தது, எந்த வருடத்திலிருந்து வீட்டில் கேன் தண்ணீர் வாங்குகிறீர்கள், எந்த வயலில் நெல்லை விட்டுவிட்டார்கள், இதெல்லாம் அவருக்குத் தெரியாது. அதே ஆலையில் உங்கள் மாமா வேலை பார்த்திருந்தால் அதையும் எழுதுங்கள். இரண்டு பக்கமும் தெரிந்த பிள்ளை என்பது தெரியும்.

ஊதிப் பெரிதாக்காதீர்கள். ஒரு வாரம் வக்கீல் அலுவலகத்தில் கேஸ் கட்டு அடுக்கியதை "வழக்குகளைக் கையாண்டேன்" என்று எழுதினால், நேர்காணலில் இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள். "வாய்தா என்றால் என்ன என்று அங்கேதான் புரிந்தது" என்று எழுதினால் மேற்கொண்டு பேச விஷயம் இருக்கும். காசு கொடுத்து எழுதி வாங்குவதும், வேறு ஒருவர் கட்டுரையைக் காப்பியடிப்பதும் அதைவிட மோசம். யூகாஸ் ஒவ்வொரு கட்டுரையையும் பழைய கட்டுரைகளோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. உங்கள் மேல் ஏதாவது வழக்கு இருந்து, விண்ணப்பத்தில் அதைக் கேட்டால் மறைக்காதீர்கள். அமெரிக்காவில் அனுமதியின்போது மறைத்தது, பின்னால் வக்கீலாகப் பதிவு செய்யும்போது நடத்தை விசாரணையில் வெளியே வந்துவிடும். பிறகு வழக்கைவிட மறைத்ததுதான் பெரிய குற்றமாக நிற்கும்.

கடைசியாகப் பரிந்துரைக் கடிதம். குடியாத்தத்துப் பெண்ணுக்கு அவள் பெரியப்பா ஒரு கட்சிப் பிரமுகரிடம் கடிதம் வாங்கி வைத்திருந்தார். மூன்று வரி, பெரிய முத்திரை. அந்தப் பிரமுகர் அவளைப் பார்த்ததே இல்லை. அதை விட்டுவிட்டு, அவளுக்கு இரண்டு வருடம் வகுப்பெடுத்த பொருளியல் டீச்சரிடம் போகச் சொன்னேன். உங்களைத் தெரிந்தவர் எழுதும் கடிதத்தில்தான் உங்களைப் பற்றி ஏதாவது இருக்கும். ஒரு மாதம் முன்பே கேட்டுவிடுங்கள், கட்டுரையின் நகலையும் கையில் கொடுங்கள். பொதுத் தேர்வுத் தாள் திருத்தும் நாட்களில் போய் நின்றால் அவர்களுக்கும் நேரமிருக்காது.