ஜெல் தூக்கினால் நகத்தைத் தேய்க்காதீர்கள்

ஆடியில் முகூர்த்தம் கிடையாது. கோவையில் என் நெயில் ஸ்டுடியோவுக்கு மூச்சு விட நேரம் கிடைப்பது அந்த ஒரு மாதம்தான். அதனால் பயிற்சி வகுப்பை அப்போது வைத்துக்கொள்வேன். இந்த ஆடியில் மூன்று பெண்கள் வந்தார்கள். திருப்பூரிலிருந்து ஒருத்தி, பொள்ளாச்சியிலிருந்து ஒருத்தி, உள்ளூர்ப் பெண் ஒருத்தி. முதல் வாரம் ஒருத்தி கையில் இன்னொருத்தி ஜெல், அதாவது லேம்ப் ஒளியில் இறுகும் நகப்பூச்சு, போட்டுப் பழகினார்கள். ஐந்தாம் நாள் மூவர் கையிலும் ஜெல்லின் அடிப்பக்கம், அதாவது தோலை ஒட்டிய ஓரம், நகத்தை விட்டுத் தூக்கிக்கொண்டு நின்றது. “சரியாத் தேய்க்கலையாட்ட இருக்குதுங்க அக்கா” என்று சொல்லிக்கொண்டே மூன்று பேரும் நகத்தைத் தேய்க்கும் பஃபரைத்தான் எடுத்தார்கள்.

எட்டு வருடத்துக்கு முன்னால் நானும் அதைத்தான் எடுத்தேன். ஒரு கல்யாணப் பெண்ணின் பத்து நகமும் என்னால் பாழானது. இன்றும் அதை நினைத்தால் மனசு ஆறுவதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். எண்ணெய்க் கையில் போடுவது, காயும் முன் தொடுவது போன்றவற்றை எந்த வகுப்பிலும் முதல் நாளே சொல்லிவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பிடிக்கவில்லை என்றதும் தேய்ப்பது

நகம் தோலுக்குள் போய் மறையும் இடத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அங்கே இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, விளிம்பாகத் தெரியும் உயிருள்ள தோல் மடிப்பு. கிருமி உள்ளே போகாமல் காப்பது அதுதான். அதை வெட்டக் கூடாது. மற்றொன்று, அந்த மடிப்பின் அடியிலிருந்து உதிர்ந்து, நகத்தின் மேல் கண்ணாடித் தாள் போல ஒட்டிக்கொண்டே வெளியே வரும் செத்த தோல். க்யூட்டிக்கிள் என்ற பெயர் உண்மையில் இதற்குத்தான் உரியது. நம் ஊர்ப் பார்லர்களில் இரண்டையும் சேர்த்து ஒரே பெயரில் சொல்வதால், பழகுகிறவர்கள் மடிப்பை மட்டும் பின்னால் தள்ளிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். நகத்தின் மேல் இருக்கும் தாள் அப்படியே இருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாது, அதுதான் சிக்கல்.

ஜெல் அந்தத் தாளின் மேல் நன்றாகவே ஒட்டும். ஆனால் தாள் நகத்தோடு அவ்வளவு உறுதியாக ஒட்டியிருக்கவில்லை. குளிக்கும்போது, பாத்திரம் கழுவும்போது தண்ணீர் பட்டு அது நெகிழும். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ அடிப்பக்கத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு தெரியும். அது தூக்கிய ஜெல்.

இப்போது பஃபர் என்ன செய்கிறது? நகத்தின் நடுமேட்டில்தான் அது அழுந்தும். செத்த தோல் தங்கியிருக்கும் இடமோ அடி விளிம்பும் இரண்டு மூலைகளும். அங்கே பஃபர் சரியாக எட்டாது. ஆகத் தேய வேண்டியது தேயாமல், தேயக் கூடாதது தேய்கிறது. மனித நகம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் கனம்தான். அதைத் தேய்த்து மெலிதாக்கினால் முன்னைவிட அதிகமாக வளையும். மேலே இருக்கும் ஜெல் அந்த அளவுக்கு வளையாது. அதனால் அடுத்த தடவை இன்னும் சீக்கிரம் தூக்கும். உடனே இன்னும் கொஞ்சம் தேய்ப்பார்கள்.

அந்தக் கல்யாணப் பெண் பொள்ளாச்சிப் பக்கம். ஆவணி முகூர்த்தம், ஞாயிறு காலை. வியாழக்கிழமை வந்து மெரூன் கலரில் ஜெல் போட்டுக்கொண்டு போனாள். சனிக்கிழமை மதியம் அவளுடைய அம்மா போன் செய்தார். “ஏங்கண்ணு, நாலு விரல்ல ஓரம் எந்திரிச்சு நிக்குது. தலையில கை வெச்சா முடி மாட்டி இழுக்குதுன்னு அழுகறா.” லேம்ப்பையும் பெட்டியையும் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்கே போனேன். ரிசப்ஷனுக்குப் புடவை கட்டத் தயாராக இருந்த பெண்ணை உட்காரவைத்து, நான்கு விரலையும் எடுத்துவிட்டு, ‘இந்தத் தடவை விடக் கூடாது’ என்று அழுத்தித் தேய்த்து மறுபடி போட்டேன். பத்து நாளில் திரும்ப வந்தாள். கட்டை விரல் இரண்டும் தூக்கியிருந்தன. பத்து விரலையும் தேய்த்துப் புதிதாகப் போட்டேன். கையை லேம்ப்புக்குள் வைத்ததும் “ஐயோ” என்று வெடுக்கென வெளியே இழுத்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர்.

ஜெல் இறுகும்போது சூடு வெளியாகும். கனமான நகத்தில் அது தெரியாது. தேய்ந்த நகத்தில் அந்தச் சூடு நேராகச் சதையைத் தொடும். அது எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் “கொஞ்சம் பொறுத்துக்கோ கண்ணு” என்றுதான் சொன்னேன்.

மூன்று தடவைக்கும் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அந்தப் பெண் அதன்பிறகு வரவில்லை. அவளுடைய தங்கையும் சித்தி பெண்கள் இருவரும் மாதாமாதம் வந்துகொண்டிருந்தவர்கள், அவர்களும் நின்றார்கள். தேய்ந்த நகம் முழுதாக வளர்ந்து மாற ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும். புதுப்பெண்ணாக ஒவ்வொரு வீட்டு விருந்திலும் அவள் அந்த நகத்தோடுதான் உட்கார்ந்திருப்பாள்.

உண்மையான காரணத்தைக் காட்டியவர் சென்னையில் ஒரு மூத்த டெக்னீஷியன். நான் தயார் செய்து வைத்திருந்த விரலை அசிட்டோன் தொட்ட வைப்பால் (துடைக்கும் சின்னத் துணி) ஒரு முறை துடைத்தார். செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, “இப்பப் பாரும்மா” என்றார். அடி விளிம்பிலும் மூலைகளிலும் சுண்ணாம்புப் பொடி மாதிரி வெள்ளையாகப் படர்ந்திருந்தது. ஈரமாக இருக்கும்வரை கண்ணுக்குப் படாத தோல், காய்ந்ததும் வெள்ளையாகத் தெரிகிறது. நான் சுத்தம் என்று நினைத்த நகம் அது.

அன்றிலிருந்து என் வேலை முறை இதுதான். செத்த தோலை இளக்கும் க்யூட்டிக்கிள் ரிமூவர் தடவி, அதில் சொன்ன நேரத்துக்கு மேல் விடாமல், தோலைத் தள்ளும் புஷரைச் சாய்த்துப் பிடித்துச் சின்னச் சின்ன வட்டமாக நகத்தின் மேல் நகர்த்துவேன். குத்தி அழுத்த மாட்டேன். ரிமூவர் காரத்தன்மை உள்ளது. மிச்சம் இருந்தால் அதுவே ஜெல்லைப் பிடிக்கவிடாது. அதனால் சுத்தமாகத் துடைத்தெடுப்பேன். மூலைகளுக்கு ஈ-ஃபைல் என்ற மின்சார அரத்தில் நுனி மெலிந்த பிட், குறைந்த வேகத்தில். கை பழகாதவர்கள் ஈ-ஃபைலைத் தொடாமல் க்யூரெட் என்ற சின்னக் கரண்டி போன்ற கருவியால் மெதுவாகச் சுரண்டினாலே போதும். பிறகு அசிட்டோன், டார்ச். வெள்ளை தெரிந்தால் மறுபடி முதலிலிருந்து. எதுவும் தெரியாத பிறகுதான் 240 நம்பர் சொரசொரப்புள்ள பஃபர், அதுவும் பளபளப்பு மங்கும் அளவுக்கு இரண்டு மூன்று இழுப்பு. வைப் நூல் உதிராததாக இருக்கட்டும். சாதாரணப் பஞ்சின் இழை ஜெல்லுக்கடியில் சிக்கினால் அங்கிருந்தும் தூக்கும்.

இதற்கு எனக்கு இருபது நிமிடம் ஆகிறது. மொத்த வேலை ஒன்றேகால் மணி நேரம். “கலர் போடவே அவ்வளவு நேரம் ஆகாதே” என்று கேட்கிறார்கள். ஆகாதுதான். தாமதமாக வந்த கஸ்டமருக்காக டிசைனைக் குறையுங்கள், இந்த இருபது நிமிடத்தில் கை வைக்காதீர்கள்.

ஊறவைத்துவிட்டு ஜெல் போடுவது

மெனிக்யூரும் ஜெல்லும் சேர்த்து ஒரே பேக்கேஜ் என்று பல பார்லர்களில் பலகை தொங்குகிறது. கிண்ணத்தில் வெந்நீர், ஷாம்பு, பத்து நிமிடம் கை உள்ளே. பிறகு க்ரீம் மசாஜ், உடனே ஜெல். நகம் தண்ணீரை உறிஞ்சிக் கொஞ்சம் விரியும். விரிந்த நகத்தின் மேல் ஜெல் இறுகிவிடும். சாயங்காலம் நகம் காய்ந்து பழைய அளவுக்கு வரும்போது ஜெல் கூடவே சுருங்காது. க்ரீம் விட்டுப்போன பிசுக்கும் சேர்ந்துகொள்ளும். டிஹைட்ரேட்டர் என்ற உலர்த்தும் திரவம் மேல்பரப்பைத்தான் உலர்த்தும், உள்ளே போன தண்ணீரை எடுக்காது. கஸ்டமர் இரண்டும் கேட்டால் ஜெல்லை முதலில் முடியுங்கள், மசாஜைக் கடைசியில் வையுங்கள்.

தோலில் பட்ட ஜெல்லை அப்படியே லேம்ப்பில் வைப்பது

தோலில் ஏறி இறுகிய ஜெல் ஒரு கைப்பிடி மாதிரி. தோல் அசையும்போதெல்லாம் அதுவும் நெம்பும். விளிம்பிலிருந்து ஒரு முடி அளவு இடைவெளி விடுங்கள். வழிந்தால் லேம்ப்பில் வைக்கும் முன்னால் குச்சியால் எடுத்துவிடுங்கள்.

ஆனால் இதில் தூக்குவதைவிடப் பெரிய கவலை ஒவ்வாமை. பல ஜெல்களில் ஹெமா என்ற வேதிப்பொருள் இருக்கிறது. இறுகாத ஜெல் திரும்பத் திரும்பத் தோலில் பட்டால் ஒரு நாள் உடம்பு அதை ஏற்காமல் போகலாம். விரல் நுனி அரிக்கும், வெடிக்கும், சிலருக்குக் கண் இமைகூட வீங்கும். ஒருமுறை வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுசுக்கும் போகாது. இதே குடும்பத்துப் பொருள்கள் பல் டாக்டர் வைக்கும் சில ஃபில்லிங்கிலும் உண்டு, அங்கேயும் சிக்கலாகலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஹெமா உள்ள நகப் பொருள்களைத் தொழில் செய்கிறவர்கள் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று 2021 முதல் விதி இருக்கிறது. கஸ்டமர் மாதம் ஒரு தடவை தொடுகிறார், நாம் தினமும் தொடுகிறோம். பாட்டில் வாயில் வழிந்ததை விரலால் துடைக்கும் பழக்கத்தை இன்றே விடுங்கள்.

லேம்ப்பை வாட்டை மட்டும் பார்த்து வாங்குவது

பெட்டியில் 48 வாட் என்று போட்டிருப்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஜெல் இறுகுவது குறிப்பிட்ட ஒளி அலைநீளத்தில். இப்போது வரும் லேம்ப்புகளில் பெரும்பாலும் 365, 405 நானோமீட்டர் ஒளி இருக்கும். உங்கள் ஜெல்லுக்கு எது, எவ்வளவு நேரம் என்பதை ஜெல் கம்பெனி சொல்லும். முடிந்தால் ஒரே கம்பெனியின் ஜெல்லும் லேம்ப்பும் வாங்குங்கள்.

மேலே கல் மாதிரி இருந்தாலும் அடியில் இறுகாமல் இருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம். கறுப்பு, நேவி ப்ளூ, அடர் மெரூன் போன்றவற்றில் நிறமி ஒளியை உள்ளே விடாது. இரண்டு தடிப்பான கோட்டுக்குப் பதில் மூன்று மெல்லிய கோட். அடியில் இறுகாத ஜெல் ஒரு வாரத்தில் தாளாக உரிந்து வரும், ஒவ்வாமைக்கும் வழி செய்யும். நான்கு விரலோடு கட்டை விரலையும் சேர்த்து வைத்தால் அது சாய்ந்து கிடக்கும். இரண்டு கட்டை விரலையும் தனியாக வையுங்கள்.

நுனியை மூடாமல் விடுவது

நகத்தின் நுனி விளிம்பையும் ஜெல்லால் மூடுங்கள். முதலில் பூசும் பேஸ், அடுத்து கலர், கடைசியில் பூசும் டாப் கோட் மூன்றிலும்.

பாட்டிலை ஜன்னலோரம் வைப்பது

வெயில் பட்டால் உள்ளேயே இறுகும், ப்ரஷ்ஷும் போகும்.

நலங்கு எப்போது என்று கேட்காமல் கலர் போடுவது

மஞ்சள் எந்த டாப் கோட்டையும் விட்டுவைக்காது. வெள்ளை, நியூட், ஃப்ரெஞ்ச் எல்லாம் நலங்கு முடிந்தால் பழைய பேப்பர் நிறத்தில் இருக்கும். ஜெல் உறுதியாக இருந்தும் பெண் வீட்டார் கண்ணுக்கு அது கெட்டுப்போன வேலை. முதல் போனிலேயே நலங்கு, மருதாணி, ரிசப்ஷன் மூன்றின் தேதியையும் கேட்டுவிடுகிறேன். நலங்குக்கு முன்னால் என்றால் மெரூன், அடர் பிங்க். வெளிர் நிறம்தான் வேண்டும் என்றால் நலங்கு முடிந்த பிறகு வரச் சொல்வேன். மெஹந்திக்கு முன்னால் ஜெல்லை முடித்துவிடுவது நல்லது. மெஹந்தி கோனில் யூகலிப்டஸ் தைலம் கலப்பார்கள், காய்ந்த பிறகு கையில் எண்ணெயும் பூசுவார்கள். அந்தக் கையை அசிட்டோனால் துடைத்தால் மெஹந்தியும் கெடும், ஜெல்லும் சரியாகப் பிடிக்காது. லேசாக ஏறிய மஞ்சள் கறை வெயில் பட்டால் ஓரளவு மங்கும். போகாவிட்டால் டாப் கோட்டை மட்டும் லேசாக எடுத்துப் புதிதாகப் போட்டுக் கொடுங்கள்.

கை என்ன வேலை செய்கிறது என்று தெரியாமல் அனுப்புவது

“வீட்டு வேலை செய்வீங்களா?” என்று கேட்டால் எல்லோரும் “கொஞ்சம்” என்பார்கள். நான் பூண்டு யார் உரிப்பது என்று கேட்பேன். இட்லித் தட்டில் ஒட்டியதை எதால் எடுக்கிறீர்கள், டப்பா மூடியை எதால் நெம்புகிறீர்கள் என்று கேட்பேன். பதில் பெரும்பாலும் நகம்தான். அவர்களுக்கு நீளத்தைக் குறைத்து, வளைந்து கொடுக்கும் ரப்பர் பேஸ் போடுகிறேன். கையுறை போடச் சொன்னால் யாரும் போடுவதில்லை, அதனால் கைப்பிடி வைத்த பிரஷ் வாங்கச் சொல்கிறேன். இரவில் விளிம்புத் தோலுக்கு எண்ணெய். வீட்டுத் தேங்காய் எண்ணெய் போதும். கண்டிப்பாகச் சொல்வது ஒன்றுதான்: தூக்கினால் உரிக்காதீர்கள், என்னிடம் வாருங்கள். உரித்தால் நகத்தின் மேல் அடுக்கும் கூடவே வரும்.

தூக்கிய இடத்தின் மேலேயே டாப் கோட் பூசி அனுப்புவது

உள்ளே ஈரம் தங்கும். பாக்டீரியா சேர்ந்து நகம் பச்சையாகும். பச்சை தெரிந்தால் முழுவதும் எடுத்துவிடுங்கள். நகம் தெளியும்வரை எதுவும் போடாதீர்கள், டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள்.

நோட்டில் எழுதாமல் இருப்பது

என் கஸ்டமர் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் வைத்திருக்கிறேன். எந்த விரல், எத்தனாவது நாள், எந்தப் பக்கம் தூக்கியது என்று எழுதுவேன். அடிப்பக்கம் என்றால் செத்த தோலையோ வழிந்த ஜெல்லையோ தேடுகிறேன். பக்கவாட்டு என்றால் மூலையைச் சுத்தம் செய்த விதத்தை. நுனி என்றால் மூடாததையோ பூண்டு உரித்ததையோ. முழுத் தாளாக உரிந்து வந்தால் லேம்ப், அல்லது நகத்தில் எண்ணெய். வலது கை ஆள்காட்டி விரல் மட்டும் திரும்பத் திரும்பத் தூக்கினால் அந்தப் பெண் அதை வைத்து என்ன செய்கிறாள் என்று கேட்கிறேன். நகம் மாதம் மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு வளரும். மூன்று வாரம் தாண்டினால் நுனி நீண்டு நெம்பத் தொடங்கும், அதன்பிறகு தூக்கினால் அதை என் தவறாக எழுதுவதில்லை. அடுத்த தேதியை அந்தக் கணக்கில் அப்போதே குறித்துக் கொடுத்துவிடுகிறேன்.