விளம்பரத்துக்குப் பணம் கட்டும் முன்

முதலில் காசு கேட்காத வேலையை முடித்துவிடுங்கள். கூகுள் தேடலிலும் மேப்பிலும் உங்கள் கடையின் விவரத்தைக் காட்டும் கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல் (2021 வரை கூகுள் மை பிசினஸ்) இலவசம்தான். அதிலும், கடை விவரங்களைத் தொகுத்துத் தரும் மற்ற டைரக்டரிகளிலும் பெயர், முகவரி, போன் நம்பர் ஒரே மாதிரி இருக்கட்டும். எங்காவது பழைய நம்பர் ஒட்டிக்கொண்டிருந்தால் அழைப்பு அங்கேதான் போகும்.

சரி, விளம்பரமும் வேண்டுமா? கூகுள் ஆட்ஸில் நீங்கள் ஓர் ஊரைத் தேர்ந்தெடுத்தால், அந்த ஊரில் இருப்பவர்களோடு, அதில் ஆர்வம் காட்டும் வெளியூர்க்காரர்களுக்கும் விளம்பரம் காட்டுவதுதான் இயல்பான செட்டிங். நேரில் வருபவர்கள் மட்டும் போதும் என்றால் அதை மாற்றுங்கள். பலர் காசை விடுவது இங்கேதான்.

அப்புறம், எந்தெந்தத் தேடலுக்கு விளம்பரம் வந்தது என்ற பட்டியலை வாரம் ஒருமுறையாவது திறந்து பாருங்கள். ‘இலவசம்’, ‘வேலைவாய்ப்பு’ என்று தேடியவர்களின் கிளிக்குக்கும் உங்கள் காசுதான் போயிருக்கும். அந்தச் சொற்களை நெகட்டிவ் கீவேர்டில், அதாவது ‘இதைத் தேடினால் என் விளம்பரம் வேண்டாம்’ என்ற பட்டியலில், போடுங்கள். ஒருமையைப் போட்டால் பன்மை தானாக அடங்காது, இரண்டையும் தனித்தனியாகச் சேர்க்க வேண்டும்.

விளம்பரம் கொடுத்தால் சாதாரணத் தேடல் முடிவிலும் மேலே ஏறலாம் என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் நம்பாதீர்கள். அது வேறு, இது வேறு.